குழம்பிய ஆற்றில் மீன் பிடிக்கலாமா?

‘குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது’ என்று நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. பிறருடைய குழப்பத்தில் ஆதாயம் தேடுபவரைப் பற்றி அப்படிச் சொல்வோம். அந்த வழக்குக்குப் பின்னால் உண்மையான குட்டை ஒன்று இருக்கிறது. கோடையில் நீர் வற்றிய குட்டையில் ஊர்மக்கள் இறங்கி, அடிச்சேற்றைக் காலால் கலக்குவார்கள். மீனின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. செவுளில் சேறு படியும். அடியில் மக்கிக் கிடந்த பொருள்கள் மேலே வருவதால், நீரில் கரைந்துள்ள உயிர்வாயுவும் குறையும். மூச்சுத் திணறி மேலே வரும் மீனைக் கையாலேயே பிடித்துவிடலாம்.

ஒரு கனமழை ஆற்றிலும் ஏறக்குறைய இதையே செய்கிறது. ஆனால் குட்டையில் இல்லாத ஒன்று ஆற்றில் இருக்கிறது: ஓட்டம். அதனால்தான் மழைக்குப் பிந்திய மீன்பிடிப்பைப் பற்றி நாம் கேட்கும் அறிவுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. “நல்ல மழைக்குப் பிறகு மீன் நன்றாகக் கடிக்கும்” என்பார் ஒருவர். “மழை பெய்தால் தூண்டிலை எடுக்கவே வேண்டாம், ஒன்றும் கிடைக்காது” என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். இருவரும் பேசுவது மழைக்குப் பிந்திய வெவ்வேறு நேரங்களைப் பற்றி.

மழை நின்றதும் வானம் தெளிந்துவிடுகிறது. ஆறு அவ்வளவு விரைவில் தெளிவதில்லை. அதன் நீர்மட்டம், கலங்கல், உயிர்வாயு ஆகிய மூன்றும் வெவ்வேறு வேகத்தில் மாறுகின்றன. இந்த மூன்று கடிகாரங்களையும் படிக்கத் தெரிந்தால், மீன் எப்போது கடிக்கும் என்பதும் தெரியும், கரையில் எப்போது நிற்கக்கூடாது என்பதும் தெரியும்.

நம் பேட்டையில் ஓடும் ஆறு

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஆங் மோ கியோ வட்டாரவாசிகள் அன்றாடம் பார்க்கும் காலாங் ஆறு. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து புறப்பட்டு, பீஷான், தோ பாயோ, காலாங் வழியாக மரினா நீர்த்தேக்கத்தை அடையும் இந்த ஆற்றின் நீளம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். சிங்கப்பூரின் ஆறுகளில் இதுவே மிக நீளமானது.

பீஷான்-ஆங் மோ கியோ பூங்காவின் ஓரமாக இந்த ஆறு முன்பு 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து அந்தக் கால்வாயை அகற்றி, 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நெளிந்து ஓடும் இயற்கையான ஆறாக மாற்றின. சீரமைக்கப்பட்ட 62 ஹெக்டர் பூங்கா 2012 மார்ச்சில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது.

வெயில் நாளில் அங்கே போனால், குழந்தைகூடக் கற்களில் கால் வைத்துத் தாண்டிவிடக்கூடிய சிறிய நீரோடையைத்தான் பார்ப்பீர்கள். இருபுறமும் சரிந்து கிடக்கும் புல்வெளியைப் பூங்காவின் பகுதி என்றே நினைப்பீர்கள். உண்மையில் அந்தப் புல்வெளியும் ஆறுதான். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். இப்போது பெருமழையின்போது ஆறு ஏறக்குறைய 100 மீட்டர் வரை விரிய இடம் விடப்பட்டிருக்கிறது. நீங்கள் பட்டம் விடும் இடத்தில் அடுத்த மழைக்கு நீர் ஓடலாம். அப்படி ஓடினால் வடிவமைப்பு பழுதாகிவிட்டது என்று பொருளில்லை. அதற்காகவே அது வடிவமைக்கப்பட்டது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நீர்நிலை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நாம் தூண்டில் போட முடியாது. பொதுப் பயனீட்டுக் கழகம் ஒதுக்கியுள்ள இடங்களில் மட்டுமே மீன் பிடிக்கலாம். ஆங் மோ கியோவுக்கு அருகில் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் அப்படிப்பட்ட இடம் உண்டு. புழு, இறால் போன்ற உயிருள்ள இரைக்கு அனுமதி இல்லை, செயற்கை இரைதான். அது நம் குடிநீர் என்பதே காரணம்.

முதல் கடிகாரம்: நீர்மட்டம்

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள காற்பந்துத் திடலின் பரப்பு 7,140 சதுர மீட்டர். அதன்மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,57,000 லிட்டர் நீர். அப்படி ஏழு திடல்களில் விழும் மழை ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தை நிரப்பிவிடும்.

அந்த ஏழு திடல்களும் காடாக இருந்தால், மழையின் ஒரு பகுதியை இலைகள் தாங்கும், ஒரு பகுதியை மண் உறிஞ்சும், மிச்சம் மெதுவாக வழியும். அவையே கார் நிறுத்துமிடமாகவும் சாலையாகவும் வீவக புளோக்குகளின் கூரையாகவும் இருந்தால், பெரும்பகுதி நீர் உடனே சாக்கடைக்குள் இறங்கி, சில நிமிடங்களில் ஆற்றுக்கு வந்துவிடும். நகரத்து ஆறு இதனால்தான் சட்டென ஏறுகிறது. மழை நின்ற பிறகு சட்டென இறங்கவும் செய்கிறது.

‘சட்டென’ என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில், அதாவது இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், நமக்குப் பிற்பகல் இடிமழை அதிகம். அந்த மேகங்கள் பெரும்பாலும் சின்ன வட்டாரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். ஆங் மோ கியோவில் குடை பிடித்தாலும் நிற்க முடியாத மழை, தோ பாயோவில் வெயில் என்பது நமக்குப் பழகிய காட்சி. வெயிலில் நிற்பவரின் காலடிக்கு வருவதோ மேலே பெய்த மழை. தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை வைத்து ஆற்றை எடைபோடக்கூடாது.

நீர்மட்டத்தைவிட ஏமாற்றுவது நீரின் விசை. ஓடும் நீர் நம்மைத் தள்ளும் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. முழங்கால் அளவு நீரில் ஒரு பெரியவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில், அதாவது நாம் மெதுவாக நடக்கும் வேகத்தில் ஓடினால், அவருடைய கால்களில் சுமார் 8 கிலோ எடைக்கு நிகரான விசை படும். அதே நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் சுமார் 33 கிலோ. பாசி படிந்த கல்லில் நிற்பவரை வீழ்த்த அது தாராளமாகப் போதும். நீரின் ஆழமோ அதே முழங்கால் அளவுதான்.

பூங்காவில் நீர்மட்ட உணர்கருவிகளும் எச்சரிக்கை விளக்குகளும் அபாயச் சங்கும் ஒலிபெருக்கி அறிவிப்பும் இருப்பது இதற்காகத்தான். கரையோரச் சிவப்பு அடையாளங்களும் அதற்காகவே. சங்கு ஒலித்தால், நீர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். மீன் மாட்டியிருக்கிறதே, செருப்பு அந்தப் பக்கம் கிடக்கிறதே என்று திரும்ப வேண்டாம்.

இரண்டாவது கடிகாரம்: கலங்கல்

மழையால் வந்த நீர் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். நிறம் தெளிய அதைவிட நெடுநேரம் ஆகும். ஏன்?

நீரில் மிதக்கும் துகள் எவ்வளவு வேகமாக அடியில் படியும் என்பது அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இது ஸ்டோக்ஸ் விதி. 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள நுண்மணல், அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் போதும். அதில் ஐம்பதில் ஒரு பங்கு விட்டமுள்ள களிமண் துகளுக்கு 2,500 மடங்கு நேரம் வேண்டும். கணக்குப் போட்டால் இரண்டரை முதல் மூன்று நாள் வரும். ஆற்றில் நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் துகள் அங்கே நிம்மதியாக உட்கார இடமும் இல்லை. நீர்மட்டம் வழக்கநிலைக்கு வந்த பிறகும் நீர் தேநீர் நிறத்தில் இருப்பதன் காரணம் இதுதான்.

மீனைப் பொறுத்தவரை இது வேட்டையின் விதிகளையே மாற்றிவிடுகிறது. நம் நீர்த்தேக்கங்களில் தூண்டில்காரர்கள் தேடிப்போகும் பீகாக் பாஸ், தென்னமெரிக்காவைச் சேர்ந்த மீன். அது கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. நீர் கலங்கினால் அதற்கு இரை தெரியாது, உங்கள் செயற்கை இரையும் தெரியாது. கெளுத்தி அப்படியல்ல. அதன் மீசையில் சுவை உணரும் செல்கள் நிறைந்திருப்பதால், இருட்டும் கலங்கலும் அதற்கு ஒரு பொருட்டில்லை. விரால் இனத்தைச் சேர்ந்த தோமான் இடைப்பட்டது. கண் போதாதபோது, பெரும்பாலான மீன்களைப் போல உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டின் உதவியோடு நீரின் அதிர்வை உணரும். கலங்கிய நீரில் சத்தமிடும், அதிரும் செயற்கை இரையைப் போடச் சொல்வதன் அறிவியல் இதுதான்.

இன்னொன்றும் நடக்கிறது. மழைநீர் கரையிலிருந்து மண்புழுவையும் பூச்சிகளையும் அடித்துக்கொண்டு வருகிறது. சிறு மீன்கள் அந்த விருந்துக்கு வருகின்றன, அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வருகின்றன. ஆனால் எந்த மீனும் வெள்ளத்தை எதிர்த்து நாள் முழுக்க நீந்தாது. அது உண்ணும் உணவைவிடச் செலவிடும் ஆற்றல் அதிகமாகிவிடும். ஆகவே பாறைக்குப் பின்னால், வளைவின் உட்புறத்தில், ஓட்டம் மெதுவான இடத்தில் ஒதுங்கி நின்று, பக்கத்தில் போகும் இரையைக் கவ்விக்கொள்ளும். கலங்கிய நீரும் தெளிந்த நீரும் சந்திக்கும் கோட்டிலும் மீன் சேரும்.

“மழைக்குப் பிறகு நன்றாகக் கடிக்கும்” என்று சொல்பவரின் அனுபவம் இங்கிருந்து வருகிறது. எச்சரிக்கையும் இங்கேதான் தேவைப்படுகிறது. இரை வந்து சேரும் இடம் எது? கால்வாயின் வாய். வெள்ளம் முதலில் பாயும் இடம் எது? அதே கால்வாயின் வாய். மீனுக்கு நல்ல இடம் மனிதருக்கு ஆகாத இடமாக இருப்பது மழை நாளில் சகஜம்.

மூன்றாவது கடிகாரம்: உயிர்வாயு

இதை விளக்க நீலகிரி வரை போய்வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் அங்கே குளிர்நாட்டு மீனான டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சு பொரிப்பகமும் அமைத்தார்கள். பலமுறை முயன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்த மீன் அங்கே நிலைகொண்டது. மலையில் பிழைக்கும் அந்த மீன் சமவெளியில் பிழைக்காது, சிங்கப்பூரிலும் பிழைக்காது. காரணம், வெப்பம் கூடக்கூட நீர் தாங்கும் உயிர்வாயு குறையும். 10 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் உயிர்வாயு கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான்.

அந்த மலையோடையில் மழைக்குப் பிறகு டிரவுட் மீனுக்கு இருக்கும் பெரிய தொல்லை ஓட்டமும் கலங்கலும். குளிர்ந்த, நுரைத்து ஓடும் நீரில் மூச்சுக்குக் குறைவில்லை. நம் மீன்களின் நிலை வேறு. அவை ஏற்கெனவே குறைந்த கையிருப்போடு வாழ்கின்றன. மழை அந்தக் கையிருப்பிலும் கை வைக்கிறது.

தொடக்கத்தில் மழை நன்மையே செய்கிறது. குளிர்ந்த துளிகள் நீர்ப்பரப்பைக் கலக்கி, காற்றை உள்ளே சேர்க்கின்றன. ஆனால் பல வறண்ட நாள்களுக்குப் பின் பெய்யும் முதல் மழை, சாலையில் சேர்ந்த தூசு, எண்ணெய்ப் படலம், அழுகிய இலை, உணவுக் கழிவு ஆகியவற்றையும் கழுவிக்கொண்டு வருகிறது. நுண்ணுயிர்கள் அந்தக் கழிவைத் தின்னும்போது உயிர்வாயுவைச் செலவழிக்கின்றன. கலங்கிய நீருக்குள் வெளிச்சம் இறங்காததால் நீர்த்தாவரங்களும் பாசிகளும் செய்யும் ஒளிச்சேர்க்கை குறைகிறது. வரவு குறைந்து செலவு கூடுகிறது. இரவு முழுவதும் ஒளிச்சேர்க்கையே இல்லை என்பதால், மழைக்கு மறுநாள் விடியற்காலையில் இருப்பு மிகக் குறைவாக இருக்கும்.

ஆழமான நீர்த்தேக்கத்தில் இன்னொரு வழியும் உண்டு. வெயிலில் மேல்நீர் சூடாகி லேசாகிறது. அடிநீர் குளிர்ந்து கனத்துத் தனி அடுக்காகத் தங்கிவிடுகிறது. காற்று எட்டாத அந்த அடுக்கில் உயிர்வாயு மிகக் குறைவு. பலத்த காற்றும் குளிர்ந்த மழையும் சேர்ந்து இரண்டு அடுக்குகளையும் கலந்துவிட்டால், நீர் முழுவதிலும் உயிர்வாயு திடீரெனச் சரியும். ஊர்மக்கள் காலால் செய்ததைக் காற்று செய்துவிடுகிறது.

அப்படிப்பட்ட காலையில் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடுவதைப் பார்க்கலாம். இரை தேடுகிறது என்று பலரும் எண்ணித் தூண்டிலை வீசுவார்கள். அது பசி இல்லை, மூச்சுத் திணறல். அந்நேரத்தில் மீன் இரையைச் சீண்டாது. சீண்டினாலும், பிடித்துப் படமெடுத்துத் திரும்ப விட்ட மீன் பிழைப்பது கடினம். தோமான் இதற்கு விதிவிலக்கு. அது நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கக்கூடியது, அதனால் இடைவிடாமல் மேலே வந்து போவது அதன் இயல்பு. திலாப்பியாவும் குறைந்த உயிர்வாயுவைச் சமாளிக்கும். எல்லா மீன்களும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வாயைப் பிளந்து நின்றால்தான் அது நீரின் நோய்க்குறி.

அப்படியானால் எப்போது போகலாம்?

மூன்று கடிகாரங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் யாருக்கும் உகந்ததில்லை. குப்பையும் சருகும் கிளைகளும் மிதந்து வந்தால், நீர் ஏறுமுகத்தில் இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். நீர் வழக்கநிலைக்கு இறங்கி, காபி நிறம் பச்சை கலந்த நிறமாக மாறத் தொடங்கும்போதுதான் தூண்டிலுக்கு நல்ல நேரம் வருகிறது. அப்போது மீனுக்கு இரை தெரியும் அளவு வெளிச்சம் இருக்கும், தூண்டில்காரரின் நிழலை மறைக்கும் அளவு கலங்கலும் இருக்கும். குளிர்நாட்டு டிரவுட் தூண்டில்காரர்கள் வசந்தகால மழைக்குப் பிறகு காத்திருப்பதும் இந்த நிறமாற்றத்துக்காகத்தான்.

கானகம் சூழ்ந்த லோவர் பியர்ஸ் போன்ற நீர்த்தேக்கத்தில் மண்கலங்கல் நகரக் கால்வாயில் இருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். அங்கே மழை நின்ற மறுநாள், வெயில் ஏறி ஒளிச்சேர்க்கை தொடங்கிய பின் போவது நல்லது. விடியற்காலைதான் எப்போதும் சிறந்தது என்ற பொதுவிதி, பெருமழைக்கு மறுநாள் பொருந்தாமல் போகலாம்.

நீரைவிட முன்னதாகப் பார்க்க வேண்டியது வானத்தை. இன்றைய தூண்டில்கோல்கள் பலவும் கரிம இழையால் ஆனவை. கரிம இழை மின்சாரத்தைக் கடத்தும். திறந்த நீர்க்கரையில் அதை உயர்த்திப் பிடித்து நிற்பது, இடிதாங்கியைக் கையில் பிடித்து நிற்பதற்குச் சமம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எத்தனை வினாடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்று தெரியும். தெரிந்துகொண்டு நிற்பதற்காக அந்தக் கணக்கைப் போட வேண்டாம். இடி காதில் விழுந்தாலே கோலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். யாரேனும் நீரில் சிக்கியிருப்பதைக் கண்டால், பின்னால் குதிக்காமல் கரையிலுள்ள மிதவை வளையத்தை வீசுங்கள், 995க்கு அழையுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

பிள்ளைகளோடு செய்து பார்க்க இரண்டு ஒளிபுகும் போத்தல்கள் போதும். இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றி, பூந்தொட்டி மண் இரண்டு கரண்டி வீதம் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். இரண்டாவது போத்தலில் மட்டும் ஒரு சிட்டிகை படிகாரத் தூளைச் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். இரண்டுக்கும் பின்னால் செய்தித்தாளை வைத்து, எழுத்து எப்போது தெரிகிறது என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் மணல் உடனே இறங்கிவிடும். முதல் போத்தலில் களிமண் மிதந்துகொண்டே இருக்கும். களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்குவதால் சேராமல் மிதக்கின்றன. படிகாரத்தில் உள்ள அலுமினியம் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்ய, துகள்கள் ஒட்டிப் பெரிதாகி விரைவாகப் படியும். குடிநீர்ச் சுத்திகரிப்பிலும் இதே முறை பயன்படுகிறது. ஆற்றுக்கு அந்த உதவி கிடைப்பதில்லை, அது தானாகவே தெளிய வேண்டும்.

முதல் போத்தல் வழியாக எழுத்து தெரிய எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை பெருமழை ஓய்ந்ததும் பிள்ளைகள் “இப்போதே போகலாமா?” என்று கேட்டால், அந்தக் குறிப்பை எடுத்துக் காட்டலாம்.